துரையைத் தேடுபவர்கள் தாயை மறந்துவிடக் கூடாது

உமிழ்நீரை ஒரு சிறு குழாயில் எடுத்துத் தபாலில் அனுப்பினால் பூர்வீகத்தைச் சொல்லும் டீஎன்ஏ பரிசோதனை, வெளிநாட்டில் வாழும் உறவினர்கள் மூலம் இன்று மலையகக் குடும்பங்களையும் எட்டியிருக்கிறது. 'எங்கள் பாட்டனார் ஒரு தோட்டத்துரையின் மகன்' என்று வீட்டுக்குள் மெதுவாகப் பேசப்பட்ட கதைகள் இப்போது வெளியில் வருகின்றன. ஹட்டன், நுவரெலியா, நாவலப்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிலும் திருமண உறவு வழியாக இக்கதை உண்டு என்பதை நான் அறிவேன். இதனை எவ்வாறு தேடுவது, மார்க்க ரீதியில் எவ்வாறு நோக்குவது என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர், கோப்பி அழிந்த மலைகளெல்லாம் தேயிலைத் தோட்டங்களாயின. துரைமாரில் பலர் தனியாக வந்த இளைஞர்கள். அவர்களுக்கும் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ப் பெண்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. இதனைக் காதல் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை, கூலி, லயன் அறை எல்லாமே துரையின் கையில் இருந்தபோது ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணால் மறுத்திருக்க முடியுமா?

நுவரெலியாவில் போதகர் ஆர்னல்ட் பெயின்டர் தம்பதியர் நிறுவிய சிறுவர் இல்லம் இத்தகைய பிள்ளைகளுக்குப் புகலிடமளித்தது. இந்தியாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஸ்கொட்லாந்துப் போதகர் ஜே.ஏ. கிரஹாம் 1900இல் கலிம்பொங்கில் ஆரம்பித்த இல்லம், அசாம், டார்ஜிலிங் துரைமாரின் பிள்ளைகளை வளர்த்தது. அவர்களில் 130 பேர் 1908க்கும் 1938க்கும் இடையில் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒருவரின் பேத்தியான வரலாற்றாசிரியர் ஜேன் மெக்கேப், அந்த இல்லத்தின் கோப்புகளைக் கொண்டு இவ்வரலாற்றை எழுதினார்.

தேடத் தொடங்குபவர்களுக்குத் துரையின் பெயர் ஓரளவு இலகுவாகக் கிடைத்துவிடும். பெர்குசன் நிறுவனம் வெளியிட்ட இலங்கைக் கைநூல்களில் எந்தத் தோட்டத்தில் யார் துரையாக இருந்தார் என்ற விபரம் அச்சிடப்பட்டுள்ளது. தேவாலயப் பதிவேடுகளும் டிக்கோயா, பொகவந்தலாவ தேவாலயங்களின் கல்லறைகளும் உள்ளன. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும் இருக்கிறது.

தாயின் பெயரோ இவை எதிலும் இருக்காது. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது பிறப்புப் பதிவு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பதிவில், தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டால் அல்லது நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே தந்தை பெயர் எழுதப்படும் என்பது எமது நாட்டுச் சட்டம். எனவே துரையின் இடம் வெறுமையாக இருக்கும். தாயின் பெயர் இருக்கும். அடுத்தது தோட்டத்தின் செக்ரோல். அதன் பின்னர் பிரஜாவுரிமைப் பத்திரங்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் தமது வதிவிடத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றவர்களும் உண்டு. வீட்டு டிரங்குப் பெட்டியில் இப்பத்திரங்களின் பிரதி இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் முகாமைத்துவத்துக்குப் போனபோது தோட்ட அலுவலகங்கள் பலமுறை கைமாறிவிட்டன. அங்கே இல்லாதது உங்கள் பெட்டியில் இருக்கலாம்.

டீஎன்ஏயிலும் இதே சாய்வு உண்டு. பாட்டனாரிடமிருந்து எமக்கு வருவது சராசரியாக 25 வீதம், அவரது தந்தையிடமிருந்து 12.5 வீதம், அதற்கு முந்தியவரிடமிருந்து 6.25 வீதம். அறிக்கை 'ஸ்கொட்லாந்து 6 வீதம்' என்று காட்டினால் அது ஒரு மதிப்பீடு மட்டுமே. ஆளின் பெயரைச் சொல்லாது. பெயர் தெரிய வேண்டுமானால் பரிசோதனை செய்துகொண்ட வேறொரு உறவினருடன் பொருந்த வேண்டும். இந்த நிறுவனங்களின் தரவுகளில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆகவே துரையின் சொந்தங்கள் அகப்படுவார்கள். தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் இருக்கும் தாயின் சொந்தங்கள் அகப்படுவது அரிது.

மார்க்கத்தின் நிலைப்பாடு என்ன? திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயுடனேயே சேர்க்கப்படும், தாயிடமிருந்து வாரிசுரிமை பெறும் என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளையின் மீது பாவமில்லை. தந்தையர் யாரென்று தெரியாதவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பதே சூரா அல்-அஹ்ஸாபின் ஐந்தாம் வசனத்தின் வழிகாட்டல். ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை 2002இல் மக்காவில் கூடி, ஷரீஆவின்படி உறுதியான நஸபை மரபணுப் பரிசோதனையால் சந்தேகிக்கவோ மறுக்கவோ கூடாது என்று தீர்மானித்தது. எனவே நான்கு தலைமுறைக்கு முந்தைய செய்தியை அறிவது வேறு, இன்றிருக்கும் குடும்பத்தின் நஸபைக் கிண்டுவது வேறு. திருமணப் பேச்சில் இதனைக் குறையாகச் சொல்வதும், 'வெள்ளைக்காரப் பரம்பரை' என்று பெருமை பேசுவதும் இரண்டுமே தவறு.

பரிசோதனை செய்பவர் தன் உடன்பிறந்தாரின் இரகசியத்தையும் சேர்த்தே கொடுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. '23 அண்ட் மீ' நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 இலட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன; 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. குடும்பத்தாருடன் மஷூரா செய்யாமல் குழாயை அனுப்ப வேண்டாம்.

முதலில் வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் கேளுங்கள். உம்மாவின் உம்மா எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் பிறந்தார், அவரைப் பெற்றவளின் பெயர் என்ன, ஊர் எது என்று எழுதி வையுங்கள். துரையின் பெயர் அச்சில் இருக்கிறது, பத்து வருடம் கழித்தும் தேடலாம். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.