தேக்கும் எமது மலையும்

இராகலையிலே நின்று நோக்குவோர்க்குத் தேயிலைச் செடிகளும், அவற்றிடையே தோட்ட மக்கள் சவுக்கென வழங்கும் கிரெவில்லியா மரங்களும், மேட்டிலே யூக்கலிப்டசுத் தோப்புகளும் புலப்படும். தேக்கு ஒன்றேனும் தோன்றாது. பெருவிலை பெறும் அம்மரத்தை இங்கு நட்டாலென்ன என வினவுவார் உளர். அதற்கு விடை காண்பதே எமது நோக்கம்.

தேக்கின் பெருமை அதன் வயிரத்திலே உள்ளது. அதில் இயற்கையாய் அமைந்த எண்ணெய்ப்பசை கறையானை விலக்கும். வெயிலிலும் மழையிலும் அது எளிதிற் கோணாது, இரும்பாணியை அரிக்காது. ஆதலின் கதவு, நிலை, உத்திரம், தளபாடம் ஆகியவற்றோடு கப்பலுக்கும் உகந்ததாயிற்று. திருகோணமலையின் பெயர் தாங்கி, 1817ஆம் ஆண்டிலே பம்பாயில் தேக்கினாற் கட்டப்பெற்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலிலே காட்சிக்கு உள்ளது.

இத்தகைய தேவைகளால் மலையாளக் காடுகள் குன்றின. எனவே மலபார்க் கலெக்டர் கொனோலி 1840களில் நிலம்பூரிலே தேக்கு வனம் வளர்க்க முனைந்தார். தடித்த ஓட்டினுள் உறையும் விதை எளிதில் முளையாமையால் முதன்முயற்சிகள் பயன்தரவில்லை. சாத்து மேனோன் என்னும் அலுவலர் நாற்று வளர்க்கும் வழி கண்டு, கன்றுகளைப் பெருந்தொகையாய் நடுவித்தார். அக்கால மரங்களுட் சில இன்றும் நிற்கின்றன. கொனோலியோ 1855இல் கொலையுண்டார். முதிர்ந்த மரத்தை அவர் கண்டிலர்.

இலங்கைக்குத் தேக்கு ஒல்லாந்தர் காலத்திலே வந்தது. பிற்காலத்தே வனத் திணைக்களத்தார் உலர்வலயத்திலே அதனைப் பயிரிட்டனர். சேனைக்காரருக்குச் சில ஆண்டு நிலத்தை விட்டு, அவர்தம் பயிரினிடையே தேக்கங்கன்றையும் பேணச் செய்தனர். அவர் அகன்றபின் வனம் எஞ்சியது. நெருங்க நட்டு, வளர வளர நலிந்தவற்றைக் களைந்து, சிறந்தவற்றை முதிரவிடுதலே முறை. வெப்பமும், போதிய மழையும், சில திங்கள் வறட்சியும், நீர் தேங்காத ஆழ்ந்த மண்ணும் தேக்குக்கு வேண்டும். 5,000 அடிக்கு மேற்பட்ட எமது குளிர் மலையில் அது தழையாது.

ஆயின் எமக்கு ஏற்றது யாது? கிரெவில்லியா நிழலும் பலகையும் தொழிற்சாலைக்கு விறகும் தரும். விரைந்து வளரும் யூக்கலிப்டசை ஊற்றுக்கண்ணருகே நடுதல் தகாது. அது நீரை மிகுதியாய் உறிஞ்சும். ஊற்றின் தலையிலும் செங்குத்தான சரிவிலும் இம்மலைக்குரிய காட்டு மரங்களே நிற்றல் வேண்டும்.

இங்குள்ள மரங்களை நட்டவை எம் முன்னோர் கைகள். நட்ட நிலம் அவர்க்கு உரியதாகவில்லை. எனினும் வேர் மண்ணைப் பற்றாவிடின், சரிவின்கீழ்ப் புதையுண்பவை அவர்தம் மக்கள் வாழும் லயங்களே. ஆகவே, விலையை மட்டும் எண்ணாது, இடமறிந்து நடுவோமாக. கொனோலியைப் போல் நாமும் முதிர்ந்த மரத்தைக் காணாது போகலாம். எம் பின்னோர் அதன்கீழ் அச்சமின்றி உறங்குவர்.