தாய்ப்பாலும் டப்பாப் பாலும்

திருத்தணி மலையைச் சுற்றியுள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். பாஷை எதுவாயினும், குழந்தைக்கு முதன் முதலாகச் சோறு ஊட்டும் வைபவத்திற்குப் பெயர் ஒன்றுதான், அதுவே அன்னப்பிராசனம். ஆறாம் மாதத்தை ஒட்டி அதை நடத்துவது பெரும்பாலோர் வழக்கம். ஆறு மாதம் பூர்த்தியாகும் வரையில் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீருங்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. இவ்விஷயத்தில் நமது பாட்டிமாரும் வைத்திய நிபுணர்களும் ஒரே கட்சி!

ஆனால் பிறந்த தினத்தன்றுதான் இரு கட்சிக்கும் விவகாரம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் 'சேனை' வைப்பதும், மஞ்சள் நிறமான சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சி எறிவதும் பல குடும்பங்களில் இருந்து வந்த பழக்கங்கள். சீம்பாலிலோ நோயை எதிர்க்கும் சக்தி நிறைந்திருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயது நிரம்பாத சிசுவுக்கு ஆபத்தை விளைவிக்கும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுப்பதே உத்தமம்.

இனி டப்பாப் பாலின் கதையைப் பார்ப்போம். 1939-ம் வருஷத்தில், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் டாக்டர் அம்மாள் ஒரு பிரசங்கம் செய்தார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. சத்து நீக்கிய இனிப்புப் பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்வோரை அவர் வன்மையாகக் கண்டித்தார். அந்தக் குரல் உலக நாடுகளின் காதில் ஏறி, விற்பனை விதிகளாக உருப்பெற 1981 ஆயிற்று. இந்தியாவில் 1992-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. குழந்தைப் பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. டப்பாவின்மேல் கொழுகொழுவென்ற குழந்தையின் படமும் கூடாது.

இவ்வளவும் இருந்து என்ன? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. ஆயினும், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே அருந்துவோர் நூற்றுக்குச் சுமார் 55 பேர்தான். இந்தியா முழுவதற்கும் அது சுமார் 64. பிரசவத்தில் முன்னணியில் நிற்கும் நாம், பாலூட்டுவதில் பின்தங்குவானேன்?

பழியைத் தாய்மார்மீது சுமத்துவது நியாயமன்று. 2017 முதல் சட்டப்படி 26 வாரம் பிரசவ விடுமுறை உண்டு. தமிழ்நாட்டு அரசாங்க ஊழியருக்கு 2021 முதல் ஒரு வருஷம். வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு விடுமுறை அளிப்பவர் யார்? 2015-ல் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அத்தகைய வசதி வேலை செய்யும் இடங்களிலும் வேண்டும்.

ஆறு மாதத்திற்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. பிறவியில் சேர்த்து வைத்த இரும்புச் சத்து அப்போது குறைந்துவிடும். குழையப் பிசைந்த பருப்புச் சோறு, நெய், கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, வாழைப்பழம், வழக்கமுள்ளவர்கள் முட்டை என்று சிறிது சிறிதாகப் பழக்கலாம். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும், தாய்ப்பாலும் தொடரட்டும்.

சிலருக்குப் பால் மாவு அவசியமாகவே நேரலாம். அப்போது வைத்தியர் சொற்படி, கொதித்த நீரில், குறித்த அளவு தவறாமல் கலந்து, பாலாடையால் புகட்ட வேண்டும். மாவு பல நாள் வரவேண்டுமென்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தை இளைக்கும்; கழுவாத புட்டியோ பேதியைக் கொண்டு வரும்.

பெற்றவளுக்கு வேளைக்கு உணவும், சற்று ஓய்வும், "பால் போதவில்லை" என்று பயமுறுத்தாத உறவினரும் இருந்தால், பெரும்பாலான வீடுகளில் டப்பாவுக்கு வேலையே இராது.