பல மரம் கண்ட தச்சன்

அண்மையில் ஒரு மாலைப்பொழுது மயிலிட்டித் துறைமுகக் கரைக்குச் சென்றிருந்தோம். முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய பேரன் பக்கத்திலிருந்து படகு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பேரனுக்கு எல்லா வேலையும் தெரியுமோ, அப்பு?" என்று வினவினோம்.

"எல்லாத்திலையும் கை வைப்பான், மாஸ்ரர். வலை பொத்தத்தான் இன்னும் பழகேல்லை" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பு, நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவின் தரைப்படையிலே நடந்த ஒரு மாற்றத்தை நமக்கு நினைவூட்டிற்று.

படைக்குச் செய்தித் தொடர்பு நரம்பு போன்றது. கனடாத் தரைப்படையில் வானொலிக் கருவியை இயக்குவோர், கம்பமேறிக் கம்பி இழுப்போர், கருவிகளைப் பழுதுபார்ப்போர் என மூவகைத் தொழிலாளர் தனித்தனியே இருந்தனர். கணினி வந்தபின், பேச்சும் எழுத்தும் படமும் ஒரே வலையமைப்பிற் செல்லத் தொடங்கின. தொழில்களுக்கிடையே இருந்த எல்லைக்கோடும் மங்கிற்று. எனவே 2011ஆம் ஆண்டில் இவற்றை ஒரே தொழிலாக இணைத்தனர். புதியவர் யாவரும் முதலிற் பொதுப் பாடத்தைக் கற்க வேண்டும். அதன் பின்னரே கணினி, கருவி, கம்பி என்று கிளை பிரியலாம்.

ஏட்டிலே இது அழகிய ஏற்பாடுதான். ஆயின், மூன்று தொழில்களின் பெயரை ஒரு நாளில் ஒன்றாக்கலாம். மூன்று கைப்பழக்கங்களை ஒரு நாளில் ஒருவனுக்கு ஊட்ட இயலுமா? எல்லாவற்றையும் ஒரே பாடத்திட்டத்திற் சேர்த்தால், ஒன்றில் பயிற்சிக்காலம் நீளும். அன்றேல் ஒவ்வொன்றும் மேலோட்டமாகும். மேலோட்டமாகக் கற்றவனுக்குப் படைப்பிரிவில் உள்ள மூத்தவர் மீண்டும் கற்பிக்க நேரும். கற்றும் கையாளாத வித்தையோ விரைவில் மறந்துபோகும். கனடாவிலும் அத்தொழில்களைப் பின்னர் மீண்டும் பிரித்தே அமைத்தனர்.

அமெரிக்கக் கடற்படையும் இவ்வழியிற் சென்றதுண்டு. அங்கே 1990களின் பிற்பகுதியில் வானொலிப் பணியாளரையும் கணினிப் பணியாளரையும் ஒன்றாக்கினர். கொடியாலும் விளக்காலும் செய்தி சொல்லும் தனித் தொழிலை 2003இல் நீக்கி, அவ்வேலையைக் கப்பலின் வழிகாட்டும் பணியாளரிடம் சேர்த்தனர். எதிரி ஒட்டுக்கேட்பான் என்று வானொலியை மௌனமாக்கும் வேளையில் விளக்கொளியே பேச வேண்டும் என்பதைக் கடலோடிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இணைப்பது தவறு என்பதன்று நம் கருத்து. மின்சாரமும் அலையும் வலையமைப்பும் எவருக்கும் பொதுவான அத்திவாரம். அதன்மீது ஒரு தொழிலை ஆழமாகப் பயிலவும், பயின்றதை இடைவிடாது பழகவும் காலம் வேண்டும். அக்காலத்தை மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது.

மயிலிட்டி மக்கள் இவ்வுண்மையைத் துயரத்தின் வாயிலாக அறிந்தவர்கள். 1990இல் ஊரை விட்டு அகன்றவர்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். அந்த 27 ஆண்டுகளில் ஒரு தலைமுறை, தன் சொந்தக் கரையில் மூத்தோரின் பக்கத்தில் அமர்ந்து தொழில் பழகும் வாய்ப்பின்றி வளர்ந்தது.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் முன்னோர் மொழி. மாணவர்களே, பலவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஒன்றையேனும் கை மறவாதபடி பழகிக்கொள்ளுங்கள். பெற்றோரே, கற்பிக்க வல்ல முதியவர் வீட்டிலே இருக்கும்போதே பிள்ளையை அவர் அருகில் இருத்துங்கள்.