உங்களுக்கென்றே ஒரு சைக்கிள்!

சட்டைக்கு அளவு கொடுத்துத் தைத்துக் கொள்கிறோம். சைக்கிளை மட்டும் கடையில் நிற்கிறபடியே வாங்கி வந்து விடுகிறோம். சாமான்களைப் பொறுக்கி வாங்கி நீங்களே பூட்டிப் பாருங்களேன்!

முதலில் பிரேம். இருபுறமும் கால் போட்டு நின்றால் மேல் கம்பி இடிக்கக் கூடாது.

அடுத்தது ரிம்மும் டயரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். '28 அங்குலம்' என்ற ஒரே பெயரில் 635 மில்லிமீட்டர் ரிம்மும் உண்டு, 622-ம் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. ஆகவே அங்குலத்தை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள்.

முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், பெடல் ஒரு முறை சுற்றச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். மேடு அதிகமுள்ள ஊரா? பின்னே 22 போடுங்கள். முழங்கால் உங்களை வாழ்த்தும்.

பெடல் பூட்டும்போது மட்டும் நிதானம்! இடது பெடலுக்கு மரை நேர்மாறு; மிதிக்க மிதிக்கக் கழன்று விடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. இது தெரியாமல் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் கிராங்கின் மரை அழிந்துவிடும். (என் முதல் கிராங்க் போனது இப்படித்தான்!) முதல் சில சுற்றுகளை வெறும் விரலால் திருப்பி, தடையில்லாமல் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள்.