மாறிவரும் மழையும் ரப்பர்ச் சிறுதோட்டக்காரரும்

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் வெப்பமானியின் அளவையே முதலிற் கூறுவர். ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் அதனை வேறொரு கணக்கால் அளக்கிறார். இம்மாதம் எத்தனை நாள் பால்வெட்டு நடந்தது என்பதே அவர் கணக்கு. மலேசிய ரப்பரில் மிகப் பெரும்பகுதி இன்று பெருந்தோட்டங்களிலிருந்தன்று, இவர்களுடைய சிறு நிலங்களிலிருந்தே வருகிறது.

விடியற்காலையில் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு சுரப்பதும் அப்பொழுதே. வெயில் ஏறியபின் வெட்டினால் பால் குறையும். பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவும். மங்கில் விழுந்ததையும் மழைநீர் அடித்துச் செல்லும். ஈரப்பட்டையில் அழுகல் நோயும் எளிதிற் பற்றும். ஆகவே அதிகாலையில் பெய்யும் அரைமணி நேர மழை ஒருநாள் வருவாயையே கொண்டுபோய்விடும். மழைக்காலையில் பிரட்டுக்களத்தில் வானத்தைப் பார்த்து நின்ற நம் தலைமுறையினருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கிழக்குக்கரையில் நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை பழகியது. அதற்கெனச் சிறிது சேர்த்து வைப்பர். தொல்லை தருவது கணக்கில் வராத மழையே. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளம் மழைப்பருவத்தில் வந்தது. கெடாவின் பாலிங் வட்டாரத்தில் 2022-இல் வெள்ளம் வந்ததோ ஜூலை மாதத்தில். ஒரு வெள்ளத்தைக் காட்டிப் பருவநிலையே மாறிவிட்டது என முடிவுகட்டுதல் முறையன்று. ஆயினும் வெப்பம் மிகுந்த காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதும், அதனால் பெய்யும்போது மழை கொட்டித்தீர்க்கும் என்பதும் அறிவியல் உண்மை. இலையுதிர்ந்து மரம் தளிர்க்கும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால், இளந்தளிரை நோய் தாக்கி இலை மறுபடியும் கொட்டும். 2017 முதல் பெஸ்டாலோசியோப்சிஸ் என்னும் புதிய இலையுதிர் நோயும் நம் நாட்டு மரங்களில் காணப்படுகிறது.

இவற்றுக்கு ஈடுகொடுக்கச் சிறுதோட்டக்காரர் செய்வது என்ன? பலர் பாலாக விற்பதை விட்டு, மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கின்றனர். அன்றன்று சேகரிக்கும் அவசரம் அதில் இல்லை. சிலர் ஊக்கமருந்து இட்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுகின்றனர். செம்பனைக்கு மாறியோரும் உண்டு.

மழைக்காப்பு நல்ல முறை. வெட்டுப்பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோல் மரத்தைச் சுற்றிப் பசையால் ஒட்டினால், தண்டில் வழியும் நீர் வெட்டுக்கோட்டில் இறங்காது. பயன் தெரிந்திருந்தும் பலர் பொருத்துவதில்லை. இதனைச் சோம்பல் என்று கூறிவிடலாகாது. வெட்டுபவர் ஒருவர், நிலத்துக்குரியவர் வேறொருவர் என வருவாயைப் பங்கிடும் இடங்களில், காப்பின் செலவை யார் ஏற்பது என்பது தீர்வதில்லை. ரப்பர் விலை தாழ்ந்திருக்கும்போது இருவருமே தயங்குவர். இழந்த காலைகளின் சுமையோ பெரிதும் வெட்டுபவர் மீதே விழுகிறது.

காப்புப் பொருத்த விரும்புவோர் மழைப்பருவம் தொடங்குமுன்னரே நிலத்துக்குரியவருடன் செலவைப் பேசி முடித்துக்கொள்வது நலம். ஒட்டும் வேலையைப் பட்டை நன்கு காய்ந்திருக்கும் நாளிற் செய்தல் வேண்டும். ஈரப்பட்டையில் பசை பிடிக்காது.