உருக்கும் ‘வூட்ஸ்’உம்

அமிர்தகழி என்னும் ஊர்ப்பெயரிலே கழி ஒலிப்பதை மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர் எளிதில் உணர்வர். வீடியோ விளையாட்டுகளில் வரும் பெயர்களின் வேர்களோ பலவேளை அயல்நாட்டுப் பயணத்தின்போதே புலனாகின்றன. 1996இல் வெளியான போக்கிமொன் விளையாட்டின் ‘கான்டோ’, தோக்கியோ அமைந்துள்ள உண்மைப் பிரதேசம் என்பதை யப்பான் செல்பவர் அறிகிறார்.

நம் சொற்களும் இவ்வாறு உலாவருகின்றன. ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ இரண்டாம் விளையாட்டுக்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்திலே, திராவிடர் அணிக்குரிய தனித் தொழில்நுட்பங்களுள் ஒன்று ‘வூட்ஸ்’ எஃகு. அதனைப் பெற்ற படையின் வாள்வீச்சைப் பகைவர் கவசம் தடுக்காது. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு; இக்கன்னடச் சொல்லே ஆங்கில எழுத்தில் சிதைந்து ‘வூட்ஸ்’ ஆயிற்று என்பர் சொற்பிறப்பியலாளர். 1795இல் ஜோர்ஜ் பியர்சன் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரையிலே அச்சொல் இடம்பெற்றது.

பெயர் திரிந்தபோது அதற்குரிய உழைப்பும் மறைந்தது. விளையாடும் நம் இளைஞர் அதனை அந்நியச் சொல்லென்றே கொள்வர். அயல்நாட்டு அரும்பொருட்சாலையில் ‘வூட்ஸ்’ வாளைக் காணும்போது, மூசையில் இரும்பை உருக்கிய தென்னிந்திய, இலங்கைக் கொல்லரையும் நாம் நினைத்தல் வேண்டும்.