நான்கு கால்நடைகள், 24 வரிசைகள்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1902ஆம் ஆண்டு தொடங்கிய சிறுவர் வேளாண் மன்றத்திலிருந்து வளர்ந்த 'நான்கு-எச்' இயக்கத்தின் கண்காட்சிகளில், கால்நடை மதிப்பீட்டுப் போட்டி, அதாவது உடலமைப்பைக் கொண்டு விலங்கின் தரத்தைக் கணிக்கும் போட்டி, தனிச்சிறப்புடையது. எதிரே நிறுத்தப்படும் 4 கால்நடைகளை 24 விதமாக வரிசைப்படுத்த இயலுமாயினும், நடுவரின் வரிசையோடு முழுதும் ஒத்துப்போகும் விடைக்கே முழு மதிப்பெண்ணான 50 கிடைக்கிறது. அதனினும் அரியது, போட்டியாளர் தாம் அவ்வாறு வரிசைப்படுத்தியதன் காரணத்தைக் குறிப்பேட்டின் துணையின்றி நடுவர்முன் எடுத்துரைப்பதாகும். கால்நடைகளைப் பிடித்து நிறுத்துவது, நேரம் கணிப்பது, விடையட்டைகளைத் திரட்டுவது ஆகிய பணிகளில் கல்லூரி மாணவர்கள் ஊதியமின்றித் துணைநிற்கின்றனர்.

மயிர்ச்சுழி பார்த்து மாடு வாங்கும் மரபுடைய தமிழ்நாட்டிற்கு இக்கலை அயலானதன்று. மாணவர்கள் வேளாண் பணிகளில் துணைநிற்கும் வழக்கமும் இங்குண்டு. திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில், ஆய்வில் கண்டறிந்தவற்றை உழவரின் வயலிலேயே சோதித்துக் காட்டும் வேளாண் அறிவியல் நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகிறது. இப்பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்கள், 'ஊரக வேளாண் பணி அனுபவம்' என்னும் பாடத்திற்காக உழவர்களோடு பழகி, விதைப்புக்கு முன் செய்யப்பட்டு விதையை நோயிலிருந்து காக்கும் விதை நேர்த்தி முதலியவற்றை அவர்களுக்குச் செய்துகாட்டுகின்றனர்.